கதவ சாத்தாத கமலா

மச்சான்,

இன்று காலை ஹெட்போன் சரிசெய்கிற ஆள் ஸ்டூடியோவுக்கு வந்திருந்தார். காது மெத்தை இரண்டும் உரிந்து, மாட்டினால் கன்னமெல்லாம் கறுப்புச் செதிலாக ஒட்டுகிறது என்று நான்தான் கூப்பிட்டிருந்தேன். பழையதைக் கழற்றி மேசைமேல் வைத்தார். ஏசி போட்டு மூடிய அறை. சட்டென்று தைல வாசனை பரவிவிட்டது. "இன்னா பாய், வூட்ல யாருக்கு தலவலி?" என்று கேட்டார்.

எழுத உட்கார்ந்தால் இரண்டு பொட்டிலும் தைலத்தை அப்பிக்கொண்டு, அதன்மேலேயே ஹெட்போனை மாட்டுவாய். "பஞ்சு ஊறிப்போச்சுடா, அடுத்தவன் மாட்ட வேணாமா?" என்று கத்துவேன். "அடுத்தவன் எவன்டா? நம்ம ரெண்டு பேருதான" என்பாய். இன்று வந்தவர் புதிய மெத்தையைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போன பிறகு நான் வேலை எதையும் தொடவில்லை. கதவைச் சாத்திவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

உனக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டியிருக்கிறது. உன்னை எடுத்த அன்று நடந்தது. எல்லாருக்கும் நடுவில் நீ படுத்திருந்தாய், ஆனால் உனக்குக் கேட்டிருக்காது. உன் கமலா அண்ணிக்கு உன்மேல் இன்னும் கோபமா என்று கேட்டுக் கேட்டு என் உயிரை வாங்கினாயே, அதைப் பற்றிய செய்தி. சொல்வதற்கு முன் கொஞ்சம் சுற்றி வருவேன். மெட்டு வாசித்துக்காட்டும்போதெல்லாம் "பல்லவிக்கு வா மச்சான்" என்று நீ அவசரப்படுத்துவாய். இன்று என் இஷ்டம்.

நீ முதன்முதலில் என்னிடம் வந்தது பாட்டு எழுத அல்ல, கருவாடு விற்க. உன் ஊர்க்காரர் ஒருவர் குட்டி யானை வண்டியில் கருவாடு ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டுத் தெருக்களில் சுற்றுவார். ஒலிபெருக்கியில் போட அவருக்கு ஒரு விளம்பரம் வேண்டும். அப்போது எனக்கு அதுதான் பிழைப்பு. என் அண்ணன் டயர் கடைக்கு மேலே ஒரே ஒரு அறை, ஒரே ஒரு மைக். கோயில் விழா, தேவாலயப் பாட்டு, தர்கா கந்தூரி, பழைய இரும்பு வியாபாரம், தேர்தல், எது வந்தாலும் பதிவுசெய்து கொடுப்பேன். கருவாட்டுக்காரர் எழுதிக்கொண்டு வந்ததைப் படித்தார். கூடத் துணைக்கு வந்த நீ, சிறுசேரி கம்பெனிக்கு ஆள் ஏற்றுகிற வேனின் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே, "இப்டி படிச்சா மீன் மறுபடியும் கடலுக்கே போயிடும்ணே" என்றாய். வாங்கி நீயே படித்தாய். வஞ்சிரம், நெத்திலி, வாளை என்று நீ அடுக்கிய வரிசையில் ஒரு தாளம் இருந்தது. என் விரல் தானாகவே கீபோர்டில் போய்விட்டது. அன்று கருவாட்டுக்கு நாம் போட்டதுதான் நம் முதல் பாட்டு. அந்த வண்டி தெருவுக்குள் வந்தால் பிள்ளைகள் பின்னாலேயே ஓடியது உனக்கு ஞாபகம் இருக்கும். கருவாடு விற்றதா என்று நாம் கேட்கவே இல்லை.

அதற்குப் பிறகு வேன் ஓடாத நேரமெல்லாம் நீ இங்கேதான். நான் மெட்டைப் போட்டு, தன்னன்னா பாடி உன் போனுக்கு அனுப்புவேன். நீ அதைக் காதில் மாட்டிக்கொண்டு பைக்கில் முட்டுக்காடு வரை போவாய். படகுத்துறை பக்கத்தில் டீ குடிப்பாய், பேசுகிறவர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பாய், திரும்பி வருவாய். "நான் எழுதுறது இல்ல மச்சான், ஜனங்க பேசுறத பொறுக்கிக்கினு வர்றேன்" என்று சொல்வாய். எனக்கு அது அடக்கமாகத் தோன்றியதில்லை, கொஞ்சம் திமிராகத்தான் தோன்றியது. ஆனால் உண்மை. உன் வேனில் கடைசி சீட்டில் தூங்கிக்கொண்டு வருகிற பெண்ணைப் பற்றி நீ எழுதிய வரி, 'உன் ஸ்டாப்பு வந்துடுச்சு, எழுப்ப மனசு வரல.' அதை ஒரு காதலன் யோசித்து எழுத முடியாது. வேன் ஓட்டுகிறவனுக்குத்தான் தோன்றும். இணையத்தில் அந்தப் பாட்டு போன வேகத்தில் நாமே பயந்துபோனோம். சிறுசேரியில் இறங்குகிற ஒவ்வொரு பெண்ணும் அது தன்னைப் பற்றியது என்று நினைத்து உன்னை முறைத்துக்கொண்டே போனதாகச் சொல்லிச் சிரித்தாய். அந்த மாதத்தோடு வேன் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டாய்.

டம்மியைப் பற்றிச் சொல்லாமல் கமலா அண்ணி கதையைச் சொல்ல முடியாது. நம் தொழிலில் வார்த்தை கிடைக்கிற வரைக்கும் வாய்க்கு வந்ததைப் போட்டு மெட்டை நிரப்பி வைப்போம். பதிவன்று அதை எடுத்துவிட்டு நல்ல வரியை வைக்க வேண்டும். மற்றவர்கள் டம்மிக்கு நிலா, கனா என்று ஏதாவது போடுவார்கள். நீ உன் வீட்டையே போடுவாய். அண்ணி வைத்த குழம்பு, அண்ணன் தொலைத்த செருப்பு, அண்ணன் மகளின் பரீட்சை, எல்லாம் உன் டம்மியில் வரும். உன் வீட்டுக்கு நான் வருவதற்கு முன்பே அங்கே என்ன நடக்கிறது என்று எனக்கு மனப்பாடம்.

அப்படித்தான் அந்த வரி வந்தது. ஒரு படத்துக்குக் குடிக்கிற பாட்டு வேண்டும் என்று இயக்குநர் இந்த மாடிக்கே ஏறி வந்து உட்கார்ந்திருந்தார். நமக்கு அது முதல் படம். நான் மெட்டைச் சுழற்றிக்கொண்டே இருந்தேன். பல்லவிக்கு நீ டம்மி பாடினாய்:

'கதவ சாத்தாத கமலா, வந்துகினே கீறேன்.'

அது உன் அண்ணனின் குரல். மாமல்லபுரத்தில் சிலைக்குப் பாலிஷ் போடுகிற பட்டறையில் வேலை முடித்து, குடித்துவிட்டு, பொழுது சாய்கிற நேரத்தில் தெருமுனைக் குழாயடியில் வந்து நிற்பார். தலையெல்லாம் கல் தூள். தூரத்தில் அவரைப் பார்த்ததும் அண்ணி கதவைப் படாரென்று இழுப்பார், தெருவுக்கே கேட்கிற மாதிரி. குழாயடியிலிருந்து இவர் கத்துவார். தெரு சிரிக்கும். அண்ணி தாழ்ப்பாள் மட்டும் போடமாட்டார். நானே இரண்டு மூன்று தடவை பார்த்திருக்கிறேன்.

பாடகர் வந்தபோதும் அந்த டம்மிதான் இருந்தது. மெட்டு புரிவதற்காக நீ மைக் முன்னால் போய் நின்று, 'கமலா'வை எங்கே இழுக்க வேண்டும், 'கீறேன்' எங்கே குழற வேண்டும் என்று அண்ணனைப் போலவே பாடிக் காட்டினாய். பாடகர் கெட்டிக்காரர், அப்படியே பிடித்துக்கொண்டார். இயக்குநர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "இதுதான், இதுல ஒரு எழுத்து மாத்தக்கூடாது" என்றார்.

"சார், பேர மட்டும் மாத்திடலாம். அது எங்க அண்ணி பேரு" என்றாய்.

"அப்ப இன்னும் நல்லதாச்சு. உண்மையா இருக்கு பாரு" என்று உன் தோளைத் தட்டினார்.

நீ வெளியே போய் மாடிப்படியில் நின்றாய். கீழே டயருக்குக் காற்று அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் உன்னைக் கூப்பிடவில்லை, அது நீ முடிவு செய்ய வேண்டிய விஷயம். திரும்பி வந்து "சரி சார்" என்றாய். முதல் படம், பெரிய ஆள், அவருடைய கை உன் தோள்மேல். யாராக இருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பார்கள். அதைச் சொல்லி உன்னை ஆறுதல்படுத்த நான் பலமுறை முயன்றேன். நீ ஒரு முறைகூட ஒப்புக்கொள்ளவில்லை.

அந்தப் பாட்டு எங்கெல்லாம் போனது! கல்யாண மண்டபம், கல்லூரி விழா, ஈ.சி.ஆர். பஸ், கோயில் திருவிழாவில் சாமி ஊர்வலத்துக்குப் பின்னால் வருகிற ஆட்டம். உன்னைத் தேடி வண்டிகள் வந்தன. மேடையில் சால்வை போட்டார்கள். அடுத்தடுத்து வந்த பாட்டுகளும் ஓடின. பெண் வீட்டார் மாப்பிள்ளையைக் கிண்டல் செய்கிற அந்தக் கல்யாணப் பாட்டு இன்றைக்கும் ஓடுகிறது. உனக்கு நல்ல காலம் என்று ஊரே சொன்னது, நானும் சொன்னேன். உன் வீட்டுக்குள் என்ன நடந்தது என்று ஊருக்குத் தெரியாது.

கமலா என்கிற பெயரைச் சுமந்துகொண்டு அண்ணி அதே ஊரில்தான் நடமாட வேண்டியிருந்தது. பஸ்ஸில் ஏறினால் பின்னாலிருந்து எவனாவது இழுத்துப் பாடுவான். ரேஷன் கடை வரிசையில் பெண்களே சிரிப்பார்கள். அவர் அறை சுத்தம்செய்யப் போகிற கடற்கரை ரிசார்ட்டில் நீச்சல் குளத்துப் பக்கம் அந்தப் பாட்டைப் போட்டுக் குதிப்பார்களாம். யாரிடமும் அவர் சண்டைக்குப் போகவில்லை. உன்னிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

படம் வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் சாப்பிடக் கூட்டிப்போனாய். அண்ணி எறா தொக்கு செய்திருந்தார். நீயும் நானும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம், அண்ணி கை எட்டுகிற தூரம். அண்ணன் மகள் வாசற்படியில் படித்துக்கொண்டிருந்தாள். அண்ணி அவளைப் பார்த்துச் சொன்னார்: "சித்தப்பாவ கொழம்பு ஊத்திக்க சொல்லு."

அந்தப் பெண் நிமிர்ந்து உன்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். என்ன செய்வதென்று தெரியாமல், "சித்தப்பா, கொழம்பு ஊத்திக்கவாம்" என்றாள். நீ தலையைக் குனிந்துகொண்டாய். உன் அம்மா போனபோது நீ மீசை முளைக்காத பையன் என்றும், அந்த வருஷமே கல்யாணமாகி வந்த அண்ணிதான் உனக்குச் சோறு போட்டு வளர்த்தார் என்றும் நீ சொல்லியிருக்கிறாய். அப்படிப்பட்டவர் உன் முகத்தைப் பார்த்துப் பேசுவதை நிறுத்திவிட்டார். சோற்றை மட்டும் நிறுத்தவில்லை. திட்டியிருந்தால் உனக்குத் தேவலையாக இருந்திருக்கும். அன்று திரும்பி வருகிற வழியெல்லாம் நீ பைக்கை ஓட்டிய வேகத்தில் எனக்குத் தொக்கு தொண்டைக்கு வந்துவிட்டது.

அண்ணனோ நேர்மாறு. அவருக்கு அந்தப் பாட்டு பட்டம் கட்டின மாதிரி. "இன்னா நெனச்சிக்கினு கீறீங்க? அது என் டயலாக்கு! என் தம்பி சுட்டுட்டான்" என்று பட்டறையில் எல்லாரிடமும் சொன்னார். முன்பும் குடித்தவர்தான், அதை யாரும் இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் இப்போது 'கமலா புருஷன்' என்று கூப்பிட்டு வாங்கிக் கொடுக்க ஆள் வந்துவிட்டது. வெளியூர்க்காரன் எவனாவது வந்தால் அவரைக் குழாயடியில் நிறுத்திக் கத்தச் சொல்லிப் போனில் படம் எடுத்துக்கொண்டு போவான். பிறகு கண் மஞ்சளானது, வயிறு வீங்கியது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ சுவரில் சாய்ந்து நின்றது என் கண்ணிலேயே இருக்கிறது. பக்கத்தில் படுத்திருந்தவரின் போன் அடித்தது. அதில் வைத்திருந்ததும் அந்தப் பாட்டுதான். நீ விறுவிறுவென்று வெளியே போய்விட்டாய்.

அண்ணனை எடுத்த அன்று நடந்ததை எழுதக் கை கூசுகிறது. இருந்தாலும் எழுதுகிறேன், பின்னால் சொல்லப்போவதற்கு இது வேண்டும். பூப்பாடை தெருமுனை திரும்பியதும் பையன்கள் ஒலிபெருக்கியில் அந்தப் பாட்டைப் போட்டார்கள். கிண்டலுக்கு இல்லை. அவருக்கு மரியாதை என்று நினைத்துத்தான் போட்டார்கள். நீ வரிசையை விட்டு ஓடிப்போய் ஸ்பீக்கர் ஒயரைப் பிடித்து இழுத்தாய். ஒருவன் உன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணாத்த, இன்னா பண்ற? இது அவரு பாட்டு. இது இல்லாம அவர எப்டி அனுப்புறது?"

நீ ஒயரை விட்டுவிட்டாய். பாட்டு முழுவதும் ஓடியது. அண்ணி வாசலில் இரண்டு பெண்கள் தாங்கிப் பிடிக்க நின்றுகொண்டிருந்தார். அவர் உன்னைப் பார்த்ததை நானும் பார்த்தேன். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று நாம் இரண்டு பேரும் பிறகு எவ்வளவோ பேசியிருக்கிறோம். வெறுப்பு என்றாய் நீ. அழுத கண்ணில் ஒன்றும் தெரியாது என்றேன் நான்.

அதற்கப்புறம் நீ அந்த வீட்டில் இருக்கவில்லை. செங்கல்பட்டில் ரயில்வே லைன் பக்கம் ஒரு அறை, மெஸ் சாப்பாடு. "குடிக்கிற பாட்டு இனிமே எழுதுறதில்ல சார்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாய். 'கமலா மாதிரி ஒண்ணு' என்று கேட்டுக்கொண்டு வந்தவர்கள்தான் அதிகம். அவர்கள் வேறு ஆளைத் தேடிப் போனார்கள். வேலை குறைந்தது. நான் உன்னோடு சண்டை போட்டிருக்கிறேன், ஒத்துக்கொள்கிறேன், எனக்கும் குடும்பம் இருக்கிறது. "வுட்ட பாட்ட திருப்பிக் கூப்புட முடியாது மச்சான். இனிமே வுடாம இருக்கலாம், அவ்ளோதான்" என்றாய். தாலாட்டு எழுதினாய், ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஆண்டுவிழாப் பாட்டு எழுதினாய். சிலது ஓடின, சிலது இந்த மாடியை விட்டே இறங்கவில்லை.

அண்ணி விஷயம் மட்டும் உன்னை விடவில்லை. ஒரு வரி முடிந்து அடுத்த வரி வருவதற்குள் தலையைத் தூக்கி, "மச்சான், அவங்களுக்கு எம்மேல கோவம்தான?" என்பாய். பண்டிகை வந்தால் புடவை வாங்கி அண்ணன் மகளிடம் கொடுத்தனுப்புவாய். அவர் கட்டினாரா என்று அவளிடம் கேட்பாய். கட்டினார் என்று தெரிந்தாலும் உனக்குத் திருப்தி இல்லை. "நீ ஒரு தபா போயி கேட்டு சொல்லேன்" என்று என்னைக் கெஞ்சினாய். "உன் அண்ணி, உன் பேஜாரு. நீயே போயி கேளு" என்று விரட்டினேன். நான் சொன்னது சரிதான் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அதை இன்னொருத்தன் கேட்டு வந்து சொன்னால் உனக்கு ஆறியிருக்காது. நீ போனாய். தெருமுனை வரை, சில நாள் வாசல் வரை. கதவு திறந்திருக்கும், உள்ளே அண்ணி மீன் ஆய்ந்துகொண்டோ துணி மடித்துக்கொண்டோ இருப்பார், நீ திரும்பிவிடுவாய். "அவங்க பாக்கல மச்சான்" என்று வந்து சொல்வாய், ஏதோ தப்பித்த மாதிரி.

பிறகு ஒரு காலையில் மெஸ்ஸில் நாஸ்தா சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனவன், குழாய்க்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாய். நெஞ்சு. எனக்குப் போன் வந்து நான் ஓடிவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த மெஸ் அம்மா உன் தலைக்குத் துண்டு மடித்து வைத்திருந்தார்.

உன்னை உன் ஊருக்கே கொண்டுபோனோம். அண்ணி வீட்டு வாசலில்தான் கிடத்தினோம், வேறு வீடு உனக்கு ஏது? சினிமாக்காரர்கள் சிலர் வந்தார்கள், மாலை போட்டார்கள், போனார்கள். பையன்கள் குட்டி யானையில் ஸ்பீக்கர் ஏற்றி நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார்கள். "பாய், எந்தப் பாட்ட போடலாம்?" என்று கேட்டார்கள். வேன் பாட்டைப் போடுங்கள், தாலாட்டைப் போடுங்கள், கல்யாணப் பாட்டுகூடப் போடுங்கள் என்றேன். கமலா பாட்டு மட்டும் இந்தத் தெருவில் கேட்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். பென்டிரைவை வாங்கி நானே அதை அழித்தேன். போதாதென்று வண்டியை ஒட்டியே நின்றுகொண்டேன். அண்ணனுக்கு நடந்தது உனக்கும் நடக்கக்கூடாது. அதைவிட, அண்ணி இன்னொரு தடவை அந்த வாசலில் நின்று அதைக் கேட்கக்கூடாது. உனக்கு நான் செய்யக்கூடியது இனி அது ஒன்றுதான் என்று இருந்தது. ஸ்பீக்கர் வேறு கிழிந்த சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. சாவு வீட்டில் பேஸ் ஒலியைக் குறைக்கச் சொல்லித் திட்டிய ஆள் நானாகத்தான் இருப்பேன்.

எடுக்கிற நேரம் வந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அண்ணி நேரே என்னிடம் வந்தார். அழுது அழுது குரல் கட்டியிருந்தது.

"பாய், எல்லா பாட்டும் போட்டீங்களே. என் பாட்டு ஏன் போடல?"

எனக்கு முதலில் புரியவில்லை. என் பாட்டு என்கிறாரே என்று நின்றேன்.

"நான்தான் வேணாம்னேன் அண்ணி. உங்களுக்கு..."

"எனக்கு இன்னா?" என்று அதட்டினார். அண்ணி வண்டியின் பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல்லைக்கூட நான் மாற்றவில்லை.

"கோவம்தான் பாய். இல்லன்னு சொல்ல மாட்டேன். புருஷன் குடிச்சிட்டு வர்றது எந்தப் பொம்பளைக்குப் பெருமை? அத இவன் ஊரு ஒலகத்துக்கே பாட்டா போட்டுட்டான். ஓங்கி ஒண்ணு வெக்கலாம்னு கூட இருந்துச்சு. அப்பறம் அவரு பூட்டாரு. ஒரு நாளு ரிசார்ட்டுல ரூம் பெருக்கிக்கினு கீறேன், வெளிய அந்தப் பாட்ட போட்டானுங்க. பாடுறது எவனோ. கூப்புடுறது எங்க வூட்டுக்காரரு மாதிரியே கீது. அதே இழுப்பு. தொடப்பத்தோட போயி கதவாண்ட நின்னுட்டேன் பாய். அங்க யாரு கீறாங்க? ஒருத்தரும் இல்ல. நின்னேன், பாட்டு முடியற வரிக்கும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"போட்டோ கீது. எவன் எவனோ படம் புடிச்சிக்கினு போனான், எங்ககிட்ட அவரு கொரலு ஒண்ணு இல்ல. இவன் போட்ட பாட்டுலதான் கீது. அன்னிலேர்ந்து அது எங்க கேட்டாலும் நின்னு கேட்டுட்டுதான் போறேன். இவன்கிட்ட சொல்லணும்னு நெனச்சிக்கினே இருந்தேன். வந்தாத்தான? வாசல் வரிக்கும் வந்து வந்து திரும்பிப் போறான், நான் பாக்கலன்னு நெனச்சிக்கினு. உள்ள வாடான்னு கூப்புட எனக்கும் வாய் வரல. அதான் பாய் எனக்கு ஆறல."

பென்டிரைவில் பாட்டு இல்லை என்று ஒரு பையன் மெல்லச் சொன்னான். என் போனை எடுத்துக் கொடுத்தேன். நாம் பதிவுசெய்த அசல் அதில் இருக்கிறது.

பாட்டு தொடங்கியது. முதலில் ஒருவனும் ஆடவில்லை. அந்த வரி வந்தபோது அண்ணி உன் தலைமாட்டில் போய் உட்கார்ந்தார். நெற்றியில் கலைந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டார். உன்னிடம் பேசினார் மச்சான், யாரையும் நடுவில் வைத்துக்கொள்ளாமல். "இன்னாடா, உள்ள வர்றதுக்கு இவ்ளோ நாளா ஒனக்கு?" என்றார். பிறகு குனிந்து அழுதார். பெற்ற பிள்ளைக்கு அழுகிற அழுகை அது. பையன்கள் ஆடத் தொடங்கினார்கள். உன்னைத் தூக்கினோம். ஒரு பக்கம் என் தோளும் இருந்தது.

நான் மெட்டுப் போட்ட பாட்டு அது. ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன், கலந்திருக்கிறேன், வெட்டி ஒட்டியிருக்கிறேன். ஒரு குடிகாரனின் தமாஷ் என்று மட்டுமே நினைத்திருந்தேன். அன்று உன்னைச் சுமந்துகொண்டு அந்தத் தெருவில் நடந்தபோதுதான், வீட்டுக்குள் சேர்த்துக்கொள் என்று ஒருவன் கெஞ்சுவது எனக்குக் கேட்டது. அதை நீ எப்போதோ கேட்டிருப்பாய் என்று நினைக்கிறேன். உன் காது அப்படி.

இப்போதும் நிகழ்ச்சிகளுக்குக் கூப்பிடுகிறார்கள், போகிறேன். கமலா பாட்டைக் கேட்கிறார்கள், வாசிக்கிறேன். யார் அந்தக் கமலா என்று எல்லா ஊரிலும் எவராவது கேட்பார்கள். முன்பு சும்மா கற்பனை என்று மழுப்பிவிடுவேன். இப்போது, எங்கள் அண்ணி என்று சொல்கிறேன். அண்ணியிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன். மாதம் ஒரு முறை அந்த வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிறேன். உன் பேச்சு வராத நாள் இல்லை. என்னைத் திட்டித்தான் பரிமாறுகிறார், உன்னைத் திட்ட முடியாததையும் சேர்த்து.

நீ என்னைக் கேட்டு வரச் சொன்னாய், நான் மாட்டேன் என்றேன். நான் கேட்காமலேயே அவராகச் சொன்னார். உனக்குப் போய்ச் சேர வேண்டியது என்னிடம் வந்து தங்கிவிட்டது, எங்கே போனாலும் தூக்கிக்கொண்டு திரிகிறேன். இனி அதை இறக்கி வைக்க உன் காதைத் தவிர எனக்கு வேறு இடமில்லை.

கோபம் இருந்தது மச்சான், உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். அது எப்போதோ போய்விட்டது. நீ வாசலில் நின்ற நாளிலெல்லாம் அண்ணி உன்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.